1966 வொக்ஸ்வாகன் 1300: நடுப்பகலில் பளையைத் தாண்டியதும் எஞ்சின் நின்றுவிடுகிறது

கேள்வி (கோண்டாவிலிலிருந்து)

அனைவருக்கும் வணக்கம். என் பெரியப்பா ஓடிய 1966ஆம் ஆண்டு வொக்ஸ்வாகன் 1300 கார் சென்ற ஆண்டு என் பொறுப்புக்கு வந்தது. 2022இல் பெற்றோல் தட்டுப்பாடு வந்தபோது வீட்டு மாமரத்தின் கீழ், ஓலைக் கொட்டிலுக்குள் நிறுத்தப்பட்ட இந்தக் கார் அதன்பின் இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக அசையவே இல்லை. பற்றரியை மாற்றி, ஒயிலை மாற்றி, காபரேற்றரைக் கழுவிப் பூட்டிய பின் எஞ்சின் நன்றாகவே இயங்கத் தொடங்கியது. நல்லூருக்கோ சுன்னாகத்துக்கோ போய்வருவதில் எந்தக் குறையும் இல்லை.

தூரப் பயணத்தில்தான் சிக்கல். கிளிநொச்சிக்குப் போகும்போது கொடிகாமம் வரை சீராக ஓடுகிறது. எழுதுமட்டுவாளுக்குப் பின் இழுவை குறைந்து, சூடான ஒயில் மணம் உள்ளே வருகிறது; பளையைத் தாண்டி ஆனையிறவை நெருங்கும்போது எஞ்சின் இரண்டு மூன்று முறை விக்கிவிட்டு நின்றுவிடுகிறது. உடனே திறப்பைத் திருகினால் ஸ்ராட்டர் 'டிக்' என்று ஒரு சத்தம் மட்டும் போடும். முக்கால் மணி நேரம் காத்திருந்தால் ஒன்றும் நடக்காதது போல இயங்கும். இதே பாதையில் அதிகாலை ஐந்து மணிக்குப் புறப்பட்டபோது ஒருமுறைகூட நிற்கவில்லை.

இங்கே ஒரு திருத்தகத்தில் காட்டினேன். பொறிக்கு உயர் மின்னழுத்தம் தரும் கொயிலை மாற்றி, மின்சாரப் பெற்றோல் பம்ப் ஒன்றைப் பூட்டி, தெர்மோஸ்ராற்றையும் எஞ்சினைச் சுற்றியுள்ள தகரங்களில் சிலவற்றையும் கழற்றிவிட்டால் காற்று தாராளமாகப் படும் என்றார்கள். பெரியப்பா இந்தக் காரில் தம் கையாலன்றி வேறு எவர் கையாலும் ஒரு சுரையைக்கூடக் கழற்ற விட்டதில்லை. அதனால் எதையும் அகற்ற எனக்கு மனம் வரவில்லை. எந்த ஒழுங்கில் எதைச் சோதிக்க வேண்டும் என்று அனுபவமுள்ளவர்கள் சொல்லித் தந்தால் பேருதவியாக இருக்கும்.

மறுமொழி 1 (மானிப்பாயிலிருந்து, ஓய்வுபெற்ற திருத்துநர்)

தம்பி, முதலில் அந்தத் தகரங்களில் ஒன்றையும் கழற்றாதீர்கள். ஏற்கனவே கழற்றப்பட்டவை இருந்தால் அவற்றைத் தேடி எடுத்துப் பூட்டுவதே உங்கள் முதல் வேலை.

மொறிஸ் மைனரையும் ஒஸ்ரினையும் திருத்திப் பழகியவர்கள் இந்தக் காரிடம் வரும்போது செய்கிற பிழை இதுதான். அவற்றில் றேடியேற்றரைத் திறந்து பார்த்தால் தண்ணீர் இருக்கிறதா இல்லையா என்று கண்ணுக்குத் தெரிந்துவிடும். வொக்ஸ்வாகனில் தண்ணீர் செய்யும் வேலையைக் காற்றும் ஒயிலும் பகிர்ந்து செய்கின்றன. டைனமோவின் அச்சில் பூட்டப்பட்ட விசிறி, எஞ்சின் வேகமாகச் சுற்றும்போது நொடிக்கு ஏறத்தாழ 500 லீற்றர் காற்றை உறிஞ்சி, தகரக் கூட்டுக்குள் அழுத்தி, நான்கு சிலிண்டர்களின் செதில்களுக்கு நடுவால் கீழே தள்ளுகிறது. அந்தத் தகரங்கள்தாம் காற்றுக்கு வாய்க்கால். தோட்டத்தில் வாய்க்கால் வரம்பை உடைத்துவிட்டால் இறைக்கிற தண்ணீர் கன்றின் அடிக்குப் போகாமல் பாதையில் பரவி நிற்பதைப் போல, தகரத்தைக் கழற்றினால் காற்றும் சூடான இடத்துக்குப் போகாமல் இலகுவான வழியால் வெளியேறிவிடும்.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. எஞ்சின் அறையைச் சுற்றி, தகரத்துக்கும் காரின் உடலுக்கும் நடுவே ஒரு றப்பர்ப் பட்டி ஓட வேண்டும். பின் கண்ணாடியின் கீழுள்ள துளைகளால் வருகிற குளிர்ந்த காற்றையும், சிலிண்டர்களைத் தழுவிக் கீழே வெளியேறுகிற கொதிக்கும் காற்றையும் பிரித்து வைப்பது அந்தப் பட்டிதான். நம்முடைய வெயிலில் அது சில ஆண்டுகளில் காய்ந்து உதிர்ந்துவிடும். உதிர்ந்தபின் அதை யாரும் பொருட்படுத்துவதில்லை. அந்த இடைவெளி வழியாக விசிறி தான் வெளியேற்றிய சூடான காற்றையே திரும்பத் திரும்ப உறிஞ்சும். நல்லூர் வரை போய்வரும் தூரத்தில் இது தெரியாது. கிளிநொச்சிக்குப் போகும் ஏ9 வீதியில் முக்கால் மணி நேரம் ஒரே வேகத்தில் ஓடும்போது சூடு படிப்படியாக ஏறி வெளிப்படும். பிளக் வயர்கள் தகரத்தைக் கடந்து செல்லும் இடங்களில் உள்ள றப்பர் மூடிகளும், பெற்றோல் குழாய் நுழையும் துளையில் உள்ள றப்பரும் இதே காரணத்துக்காக இருப்பவை. சூடாக்கிக் குழாய்களை யாராவது கழற்றியிருந்தால் விசிறிக் கூட்டின் இரு பக்கத்து வாய்களும் திறந்து கிடக்கும். அவற்றை அடைத்தே ஆக வேண்டும்.

மாமரத்தின் கீழ் இரண்டு ஆண்டுகள் நின்றது என்று எழுதியிருக்கிறீர்கள். அதை வாசித்தவுடன் என் மனத்தில் எழுந்தது அணில்தான். விசிறிக் கூடு இருட்டானது, உலர்ந்தது, ஒதுக்கமானது. அணிலும் எலியும் தும்பையும் பஞ்சையும் கொண்டுவந்து கூடு கட்ட அதைவிட நல்ல இடம் கிடையாது. அவை கட்டுவது பெரும்பாலும், ஒயிலை ஆற்றும் பகுதியான ஒயில் கூலரின் மேல். உங்கள் காரில் ஒயில் கூலர் விசிறிக் கூட்டுக்கு உள்ளேயே, இடது பக்கத்தில், 3ஆம் சிலிண்டருக்கு நேர்மேலே நிற்கிறது. 1971ஆம் ஆண்டு மாதிரியில்தான் வொக்ஸ்வாகன் அதைக் கூட்டுக்கு வெளியே, தனிக் காற்று வழியோடு மாற்றி அமைத்தது. அதற்கு முந்திய எஞ்சின்களில் 3ஆம் சிலிண்டருக்குக் கிடைப்பது ஒயில் கூலரைக் கடந்து ஏற்கனவே சூடான காற்றுத்தான். அங்கே அணிலின் கூடும் சேர்ந்துவிட்டால் ஒயிலும் ஆறாது, 3ஆம் சிலிண்டரும் ஆறாது. கைப்பேசியில் பொருத்துகிற சிறிய குழாய்க் கமரா ஒன்றைக் கூட்டின் பக்கத்து வாய் வழியாக விட்டுப் பாருங்கள். ஐயம் தீராவிட்டால் எஞ்சினை இறக்கிவிடுங்கள். நான்கு போல்ற்றுகளில் நிற்கிற எஞ்சின் அது. பெற்றோல் குழாய், வயர்கள், அக்சிலேற்றர்க் கம்பி, சூடாக்கிக் குழாய்கள் ஆகியவற்றைக் கழற்றிவிட்டால் நல்ல ஜாக் ஒன்றும் துணைக்கு ஒருவரும் போதும்.

தெர்மோஸ்ராற் பற்றியும் சொல்கிறேன். வலது பக்கத்தில், 1ஆம் 2ஆம் சிலிண்டர்களின் கீழே துருத்தி போல ஒரு பித்தளைப் பெட்டி இருக்கும். ஏறத்தாழ 65 முதல் 70 பாகை செல்சியஸில் அது விரிந்து, கூட்டுக்குள் உள்ள மடல்களைத் திறக்கும். அது பழுதானால் பெரும்பாலும் விரிந்தபடியே நின்றுவிடும். அதனால் தெர்மோஸ்ராற் பழுதாகி எஞ்சின் சூடாவது அரிது. மடல்களின் அச்சில் கறள் பிடித்து அவை பாதி மூடியபடி இறுகிவிடுவதுதான் நம் ஊரில் நடப்பது. கறளை நீக்கி, மடல்கள் தடையின்றி அசைகின்றனவா என்று பாருங்கள். தெர்மோஸ்ராற் கிடைக்காவிட்டால் மடல்களைத் திறந்த நிலையில் கம்பியால் கட்டிவிடுங்கள். நம்முடைய காலநிலைக்கு அது போதும். மடல்களை அகற்றிவிட வேண்டாம், ஏனெனில் அவை காற்றைத் திருப்பிவிடும் வேலையையும் செய்கின்றன.

இவற்றுக்குப் பிறகு வால்வு இடைவெளி, அதாவது வால்வின் தண்டுக்கும் அதை அழுத்தும் நெம்புக்கும் நடுவே உள்ள இடைவெளி. இரவு முழுவதும் நின்ற எஞ்சினில், காலையில் ஒருமுறைகூட இயக்காமல் பார்க்க வேண்டும். இந்த எஞ்சினுக்குத் தொடக்கத்தில் 0.10 மி.மீ. என்று கொடுத்தார்கள், பின்னர் அதை 0.15 மி.மீ. ஆக்கினார்கள். நம்முடைய சூட்டுக்கு 0.15 வைப்பதையே நான் விரும்புவேன். 1ஆம் சிலிண்டரின் பிஸ்ரனை அதன் ஓட்டத்தின் உச்சியில் நிறுத்திச் சரிபார்த்த பின், எஞ்சின் அச்சிலுள்ள பெல்ற் சக்கரத்தை (புலியை) இடப்புறமாக அரைச் சுற்றுச் சுற்றினால் 2, பின் 3, பின் 4 என்று வரிசையாக வரும். 3ஆம் சிலிண்டரின் புகை வால்வை (எரிந்த வாயுவை வெளியேற்றும் வால்வை) மிகக் கவனமாகப் பாருங்கள். அங்கே இடைவெளி குறைந்திருந்தால் அதை எழுதி வையுங்கள்.

இன்னும் ஒரு கேள்வி: தொண்ணூறுகளில் பெற்றோல் தடைப்பட்டிருந்த காலத்தில் பெரியப்பா இதை மண்ணெண்ணெயில் ஓடினாரா? அக்காலத்தில் யாழ்ப்பாணத்தில் ஓடிய கார்களில் மிகப் பெரும்பாலானவை, சிறிய போத்தலிலிருந்து சில துளி பெற்றோல் விட்டு இயக்கி, பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓடியவைதாம். எரியாத மண்ணெண்ணெய் றிங்குகளைக் கடந்து இறங்கி ஒயிலை நீர்த்துப்போகச் செய்யும். ஒயிலையே நம்பியிருக்கிற இந்த எஞ்சினுக்கு அது பெரிய கேடு. பிஸ்ரனின் தலையில் கரி தடித்துப் படிந்திருந்தால் அந்தக் கரி இன்றைக்கும் சூட்டைக் கூட்டும்.

மறுமொழி 2 (பருத்தித்துறையிலிருந்து)

மானிப்பாய் ஐயா சொன்ன ஒழுங்கை நான் முழுவதும் ஏற்கிறேன். ஆனால் எஞ்சின் சூடாவதும் எஞ்சின் நிற்பதும் இரண்டு வெவ்வேறு குறைகளாக இருக்கக்கூடும் என்பதையும் கேட்டவர் மனத்தில் வைத்திருக்க வேண்டும். காற்று வழியைச் சரிசெய்த பின்னும் கார் நின்றால் நிற்கிற இடத்திலேயே, ஆறுவதற்கு முன், சோதிக்க வேண்டும். ஆறிய பின் சோதித்தால் எல்லாமே சரியாகத்தான் இருக்கும்.

நின்றவுடன் எயார் கிளீனரை அகற்றிவிட்டு, காபரேற்றரின் வாய்க்குள் பார்த்தபடி அக்சிலேற்றர் நெம்பைக் கையால் ஒருமுறை இழுங்கள். மெல்லிய பெற்றோல் தாரை ஒன்று பாய்ந்தால் காபரேற்றரில் பெற்றோல் இருக்கிறது. பாயாவிட்டால் பெற்றோல் வந்து சேரவில்லை. பாய்ந்தால், எயார் கிளீனரைத் திரும்பப் பூட்டி, பெற்றோல் மணம் அடங்கிய பின், கொயிலின் நடு வயரை டிஸ்ரிபியூட்டரிலிருந்து (மின்சாரத்தை நான்கு பிளக்குகளுக்கும் பகிரும் பகுதியிலிருந்து) எடுத்து, உலர்ந்த துணியால் பிடித்து, எஞ்சினின் இரும்புப் பகுதிக்கு ஐந்தாறு மி.மீ. தள்ளி வைத்து, ஒருவரைத் திறப்பைத் திருகச் சொல்லுங்கள். நீலமும் வெண்மையும் கலந்த பொறி சத்தத்தோடு பாய வேண்டும். மஞ்சளாக மெலிந்து வந்தாலோ வராவிட்டாலோ, கொயிலுக்கு முன், டிஸ்ரிபியூட்டரோடு பூட்டியிருக்கும் சிறிய மின் உறுப்பான கண்டென்சரை மாற்றிப் பாருங்கள். சூட்டில் செயலிழந்து ஆறியதும் மீள்வது கண்டென்சரின் இயல்பு. விலையும் கொயிலோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது. டிஸ்ரிபியூட்டருக்குள் மின்சாரத்தைத் துண்டித்து இணைக்கும் பொயின்ற்றின் இடைவெளி 0.4 மி.மீ. இருக்கிறதா என்றும் பாருங்கள். அது கரைந்து குறைந்துபோனால் பொறி பிந்தும். பொறி பிந்தினால் எஞ்சின் சூடாகும். தொடக்க நிலைப் பொறிநேரம் உச்சிக்கு 7.5 பாகை முன்னதாக இருக்க வேண்டும்.

பெற்றோல் வரவில்லை என்றால் பலரும் பெற்றோல் ஆவியாகிவிட்டது என்றுதான் சொல்வார்கள். அது நடக்கக்கூடியதுதான், பெற்றோல் குழாய் தகரத்தில் முட்டிக்கொண்டிருந்தால் நிச்சயம் நடக்கும். ஆனாலும் இரண்டு ஆண்டுகள் நின்ற காரில் நான் முதலில் சந்தேகப்படுவது தாங்கியைத்தான். முன்னால் உள்ள பெற்றோல் தாங்கியின் அடியில், குழாய் தொடங்கும் இடத்தில், ஒரு மெல்லிய வலை இருக்கிறது. தாங்கிக்குள் உதிர்ந்த கறள் அந்த வலையில் படிந்தால் ஊருக்குள் ஓடத் தேவையான பெற்றோல் வடியும். மணிக்கு 70 கி.மீ. வேகத்தில் தொடர்ந்து ஓடும்போது போதாது. காத்திருக்கும்போது மெல்ல வடிந்து காபரேற்றர் நிரம்பிவிடும், கார் திரும்ப ஓடும். தாங்கி மூடியின் காற்றுத் துளை அடைத்தாலும் இதே குறிதான். நின்றவுடன் மூடியைத் திறந்துபாருங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளே இழுபட்டால் காரணம் அதுவே. மின்சாரப் பம்ப்பைப் பூட்டுவது இந்தக் குறைகளை மறைக்குமேயன்றித் தீர்க்காது.

மறுமொழி 3 (சாவகச்சேரியிலிருந்து)

நானும் இதே வகைக் காரை இருபது ஆண்டுகளுக்கு மேலாக வைத்திருக்கிறேன். மேலே இருவரும் எழுதியவற்றோடு ஓர் எச்சரிக்கையை மட்டும் சேர்க்க விரும்புகிறேன். எஞ்சினைத் திறக்கும் அன்றே எல்லா றப்பர்ப் பெற்றோல் குழாய்களையும் புதிதாக மாற்றிவிடுங்கள். துணி சுற்றிய பழைய குழாய் வெளியே நன்றாகத் தோன்றினாலும் உள்ளே வெடித்திருக்கும். எஞ்சின் அறைக்குள் டிஸ்ரிபியூட்டருக்கு மேலே யாராவது பிளாஸ்ரிக் வடிகட்டி பூட்டியிருந்தால் அதை எடுத்து, முன்னால் தாங்கியின் கீழே பூட்டுங்கள். இந்த எஞ்சினின் உடல் மக்னீசியக் கலவையால் ஆனது. அது எரியத் தொடங்கினால் தண்ணீர் ஊற்றக் கூடாது, ஊற்றினால் தீ இன்னும் மூளும். உலர்தூள் தீயணைப்பான் ஒன்று எப்போதும் முன் ஆசனத்தின் அருகில் இருக்கட்டும். என் கண்முன்னே ஒரு நல்ல கார் பத்து நிமிடத்தில் எரிந்து முடிந்தது. காரணம் ஒரு முழம் குழாய்.

இன்னொன்று: ஓடும்போது டைனமோவின் சிவப்பு விளக்கு எரிந்தால், வீடு கிட்டத்தான் என்று ஓட்டிவிடாதீர்கள். பெல்ற் அறுந்தால் பற்றரிக்கு மின்சாரம் நிற்பதோடு விசிறியும் நின்றுவிடும். நடுவில் விரலால் அழுத்தும்போது பெல்ற் ஏறத்தாழ 15 மி.மீ. உள்ளே போக வேண்டும். காரில் ஒரு பெல்ற்றும் அதை மாற்றத் தேவையான சாவியும் எப்போதும் இருக்க வேண்டும்.

கேள்வி கேட்டவர், மூன்று வாரங்களுக்குப் பின்

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. நீங்கள் சொன்ன ஒழுங்கிலேயே செய்தேன், கண்டவற்றை எழுதுகிறேன்.

குழாய்க் கமராவில் ஒன்றும் தெளிவாகத் தெரியாததால் மைத்துனரின் துணையோடு எஞ்சினை இறக்கினோம். விசிறிக் கூட்டைத் தூக்கியபோது ஒயில் கூலரின் மேல்பாதி முழுவதும் தென்னந்தும்பும் பழைய தலையணைப் பஞ்சும் காய்ந்த மாவிலைகளும் அடைத்திருந்தன. இரு கைகளாலும் அள்ளி எடுத்தேன். எஞ்சினைச் சுற்றிய றப்பர்ப் பட்டி இடது பக்கத்தில் ஒரு சாண் நீளம் தவிர வேறெங்கும் இல்லை. சிலிண்டர்களின் கீழே பொருத்தும் சிறிய தகடுகளில் வலப்பக்கத்துத் தகடு இல்லை. கொட்டிலில் பெரியப்பாவின் தகரப் பெட்டியைத் தேடியபோது கடதாசியில் சுற்றி, பெயர் எழுதி வைக்கப்பட்டிருந்தது. பூட்ட மறந்திருக்க மாட்டார். திரும்பப் பூட்ட அவருக்குக் காலம் கிடைக்கவில்லை என்றே நினைக்கிறேன். றப்பர்ப் பட்டியைக் கொழும்பு பஞ்சிகாவத்தையிலிருந்து ஒருவர் மூலம் எடுப்பித்தேன்.

வால்வுகளில் ஏழு 0.10க்கும் 0.15க்கும் இடையில் இருந்தன. 3ஆம் சிலிண்டரின் புகை வால்வில் இடைவெளி அளக்கும் பீலர் கேஜின் மிக மெல்லிய இதழ்கூட நுழையவில்லை. எல்லாவற்றையும் 0.15இல் வைத்தேன். பெற்றோல் தாங்கியின் வலையும் கறளால் பாதிக்கு மேல் அடைத்திருந்தது. தாங்கியைக் கழற்றிக் கழுவி, குழாய்களையும் மாற்றினேன். மண்ணெண்ணெயைப் பற்றிப் பெரியம்மாவிடம் கேட்டேன். 1991இலிருந்து தடை நீங்கும்வரை காரை ஓடவே இல்லை என்றும், சக்கரங்களைக் கழற்றிக் கல்லின் மேல் ஏற்றி வைத்திருந்தார் என்றும் சொன்னார்.

கடந்த ஞாயிறு பகல் பன்னிரண்டு மணிக்கு, வேண்டுமென்றே நல்ல வெயிலில், புறப்பட்டேன். பளையைத் தாண்டியது, ஆனையிறவைத் தாண்டியது, பரந்தனில் நிறுத்தி ஒயில் கம்பியை இழுத்துப் பிடித்துப் பார்த்தபோது கையில் வைத்திருக்க முடிந்தது. ஒயில் மணம் இல்லை. ஆனால் பரந்தனில் திரும்ப இயக்க முயன்றபோது அதே 'டிக்' சத்தம். அங்கிருந்தவர்கள் தள்ளித்தான் இயக்கினோம். இதுவும் சூட்டினால்தானா?

மறுமொழி 1 (மானிப்பாயிலிருந்து)

தம்பி, அந்தத் தகட்டைப் பெயர் எழுதி வைத்திருந்தார் என்பதை வாசித்தபோது உங்கள் பெரியப்பாவை நேரில் அறியாமல் போனதற்கு வருந்தினேன்.

ஸ்ராட்டருக்குச் சூடு ஒரு தூண்டுதல் மட்டும்தான். மூலக் குறை மின்சாரம் போய்ச்சேருவதில் இருக்கிறது. உங்கள் கார் 6 வோல்ற். 12 வோல்ற்றில் தெரியாமல் போகிற சிறிய தடைகூட 6 வோல்ற்றில் ஸ்ராட்டரை முடக்கிவிடும். பின் ஆசனத்தின் கீழே பற்றரியிலிருந்து உடலுக்குப் போகும் பின்னல் பட்டியையும், கியர்பெட்டியின் முன்முனையிலிருந்து உடலுக்குப் போகும் பின்னல் பட்டியையும் கழற்றி, இரு முனைகளையும் அவை பூட்டும் இடங்களையும் வெறும் உலோகம் தெரியும்வரை தேய்த்துப் பூட்டுங்கள். கியர்பெட்டி றப்பரில் நிற்பதால் அந்தப் பட்டி ஒன்றுதான் எஞ்சினிலிருந்து மின்சாரம் திரும்பும் நல்ல வழி. கடற்காற்று அடிக்கிற நம் ஊரில் அது பச்சை பிடித்து உக்கிவிடும். பற்றரியிலிருந்து ஸ்ராட்டருக்குப் போகும் வயர் 6 வோல்ற்றுக்குரிய தடித்த வயர்தானா என்றும் பாருங்கள். இவை சரியாக இருந்தும் 'டிக்' நீடித்தால், திறப்பிலிருந்து ஸ்ராட்டரின் மின்காந்த ஆளியான சொலனொயிட்டுக்கு வருகிற நீண்ட மெல்லிய வயரில் மின்னழுத்தம் விழுகிறது என்று பொருள். ஸ்ராட்டருக்குக் கிட்ட 6 வோல்ற் றிலே ஒன்றைப் பூட்டினால் தீரும். ஸ்ராட்டரைக் கழற்ற நேர்ந்தால் கியர்பெட்டியின் உறைக்குள் இருக்கிற சிறிய புஷ்ஷையும் மாற்றிவிடுங்கள்; அது தேய்ந்தால் அச்சு சாய்ந்து உரசும்.

இப்போது என் உண்மையான கவலையைச் சொல்கிறேன். 3ஆம் புகை வால்வின் இடைவெளி முற்றாக மூடியிருந்தது என்றால் ஒன்று வால்வின் தண்டு சூட்டில் நீண்டிருக்கிறது, அல்லது அதன் இருக்கை ஹெட்டுக்குள் இறங்கியிருக்கிறது. கார் நன்றாக ஓடுகிறதே என்று இதை மறந்துவிடக் கூடாது. 500 கி.மீ. ஓடிய பின் குளிர்ந்த எஞ்சினில் அதை மட்டும் திரும்ப அளவிடுங்கள். 0.15 அப்படியே நின்றால் அணில் கூட்டினால் வந்த சூட்டோடு குறை நின்றுவிட்டது என்று கொள்ளலாம்; 1500 கி.மீ. வரை இன்னும் இரண்டு முறை பார்த்துவிட்டு வழமைக்குத் திரும்புங்கள். திரும்பக் குறைந்திருந்தால் அதை அட்டவணைப்படி சரிசெய்துகொண்டு ஓடலாம் என்று எண்ண வேண்டாம். நீண்ட தண்டு ஒருநாள் அறுந்து வால்வின் தலை பிஸ்ரனுக்குள் விழும். அதன்பின் ஹெட், பிஸ்ரன், சிலிண்டர் எல்லாமே போய்விடும். அந்த நிலையில் அந்தப் பக்கத்து ஹெட்டை இறக்கி வால்வையும் அதன் தண்டு ஓடும் வழிகாட்டிக் குழலையும் மாற்றுவதுதான் வழி.

ஒயிலை 5000 கி.மீ.க்கு என்று காத்திருக்காமல் இந்தமுறை 1000 கி.மீ.யிலேயே மாற்றுங்கள். 2.5 லீற்றர்தான் பிடிக்கும். வடிகட்டி கிடையாது, அடியில் உள்ள வலை மட்டும்தான். அந்த வலையைக் கழற்றும்போது உலோகத் துகள் ஏதும் படிந்திருக்கிறதா என்று வெயிலில் பிடித்துப் பாருங்கள். திரும்பப் பூட்டும்போது ஆறு சிறிய நட்டுகளையும் அளவோடு இறுக்குங்கள். மென்மையான உலோகம், மரை கழன்றுவிடும். 500 கி.மீ. அளவீட்டை இங்கே எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.